பதில் சொல்ல வேண்டாத குரல்கள்

அன்புள்ள பிரபு,

முகூர்த்தப் புடவை எடுக்கப் போன அன்று, மற்றவர்களெல்லாம் நிறம் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தபோது நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "ஏம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி பையனுக்கு ஏதாச்சும் புத்தி சொல்லணும்னு உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாய். விளையாட்டாகத்தான் கேட்டாய் என்று தெரியும். "வேளைக்குச் சாப்பிடு, அது போதும்" என்றேன். நீ சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாய். மறுநாள் மத்தியானம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான், சொல்ல எவ்வளவோ இருந்திருக்கிறதே என்று தோன்றியது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். அங்கன்வாடியில் இத்தனை காலம் பிள்ளைகளின் எடையும் உயரமும் எழுதிய கை இது. நீளமாக எழுதிப் பழக்கமில்லை. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மனம் என்றால் என்ன, மனிதர்களோடு எப்படி வாழ்வது என்பதில் எனக்குத் தெரிந்த கொஞ்சமும் உன் சித்தப்பாவோடு ஒரே வீட்டில் இருந்ததால் தெரிந்ததுதான். அவர் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பாதிதான் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததும், நீ ஓசூரில் வேலையில் இருந்தபோது இங்கே நடந்ததும் உனக்குத் தெரியாத பாதி.

நான் அதியமான்கோட்டைக்கு வாழ வந்தபோது சித்தப்பா தர்மபுரியில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார். மாது, மாது என்று ஊரே கூப்பிடும். கலகலப்பான ஆள். ரேடியோ ரிப்பேர் என்றாலும் சைக்கிள் பஞ்சர் என்றாலும் நம் வாசலில்தான் வந்து நிற்பார்கள். உன் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது; வடக்கே கிளம்பினால் திரும்ப வாரக்கணக்காகும். புது ஊரில் எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை உன் சித்தப்பாதான். "அண்ணி, இன்னிக்கு பஸ்ஸுல என்ன நடந்துச்சு தெரியுங்களா" என்று சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார்.

நீ பிறந்த வருஷம் அந்தப் பேச்சு மாறியது. ஒருநாள் வந்தவர், "அண்ணி, பஸ்ஸுல எல்லாரும் என்னையப் பத்தியே பேசறாங்க" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் படிப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். பஸ் என்றாலே உடம்பு நடுங்கியது. கிணற்று மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்து, யாருமே இல்லாத இடத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உன் தாத்தா அப்போது இருந்தார். காற்று கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேப்பிலை அடித்தார்கள், கையிலும் இடுப்பிலும் கயிறு கட்டினார்கள். யாரும் அவருக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. தெரிந்ததைச் செய்தார்கள். நானும் கூடவே போய்க் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது.

"அண்ணி, சோத்துல என்னமோ கலந்திருக்குன்னு சொல்றாங்க."

"யாரு தம்பி சொல்றது?"

"தெரியலைங்க. ஆனா நீங்க கலக்கலைன்னும் எனக்குத் தெரியுது. ரெண்டும் மண்டைக்குள்ளயே கெடக்குது. எதை நம்பறதுன்னு தெரியல."

அப்போது அவர் முகம் இருந்த இருப்பை என்னால் சொல்ல முடியாது. பேய் பிடித்தவர் முகமல்ல அது. வழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவர் முகம். அன்றிலிருந்து அவர் தட்டில் களியைப் போட்டு, முதல் வாய் நான் சாப்பிடுவேன். பிறகு அவர் சாப்பிடுவார். அதைப் பார்த்துவிட்டு உன் பெரியத்தை, "கொழுந்தன் தட்டுல கை வெக்கிறா" என்று பென்னாகரம் வரைக்கும் போய்ச் சொன்னாள். சொன்னால் சொல்லட்டும் என்று இருக்க அப்போது எனக்குத் துணிச்சல் இல்லை. அழுதேன். ஆனால் முதல் வாய் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் பட்டினி கிடப்பார். அழுகையைவிட அது பெரிய விஷயமாக இருந்தது.

உனக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு மாத்திரை இருக்குது, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். உன் தாத்தாவிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் வந்து நின்றதும் அவர் பின்னால் போய்விட்டார். "வேணாங்க அண்ணி, உள்ள எல்லாரும் பேசுவாங்க" என்றார். "இவன் காலைப் புடிச்சிக்க தம்பி, வெயில்ல சுடுது பாரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அவர் உன் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே ஏறினார். தர்மபுரி போய் இறங்கும்வரை விடவே இல்லை. நீயும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவருக்குக் கேக்குறது அவருக்கு நெசம்மா. 'அப்படியெல்லாம் ஒண்ணும் கேக்கல'ன்னு சண்டை போடாதீங்க. 'ஆமா, எனக்கும் கேக்குது'ன்னும் சொல்லாதீங்க. 'அப்படிக் கேட்டா உனக்குப் பயமாத்தான் இருக்கும், நான் பக்கத்துல இருக்கேன்'னு மட்டும் சொல்லுங்க."

பிரபு, நீ கேட்ட புத்தி இதுதான் என்று வைத்துக்கொள். நான் இத்தனை வருஷம் வாழ்ந்ததில் இதைவிடப் பயன்பட்ட பேச்சை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. சித்தப்பாவுக்காகச் சொன்னது எல்லாருக்கும் பொருந்தியது. அங்கன்வாடியில் ஒரு பெண் குழந்தை பலூனைப் பார்த்து அலறுவாள். "பலூனுக்குப் போயி யாராச்சும் பயப்படுவாங்களா" என்று சொன்ன அன்றெல்லாம் அவள் இன்னும் அலறினாள். "பயமா இருக்குதா, வா, நாம ரெண்டு பேரும் தள்ளி உக்காந்துக்கலாம்" என்ற அன்று அழுகை நின்றது. லாரியை விட்ட பிறகு உன் அப்பா கொஞ்ச காலம், "இனி நான் எதுக்கு ஆவேன்" என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரே, அப்போதும் இதுதான். பிளஸ் டூவில் பிசிக்ஸ் மார்க்கைப் பார்த்துவிட்டு நீ கதவைச் சாத்திக்கொண்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்றாய். ஊரே உனக்குத் தைரியம் சொல்ல வந்தது. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடிப்பதற்குள் நீயே வெளியே வந்தாய்.

நாளைக்கு உனக்கு மனைவியாக வரும் நந்தினி ஏதாவது ஒன்றுக்குப் பயப்படுவாள், கோபப்படுவாள். உனக்கு அது ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரியும். "இதுக்குப் போய் இவ்வளவா" என்று கேட்டுவிடாதே. அவளுக்கு அது நிஜம். முதலில் பக்கத்தில் உட்கார். சரியா தப்பா என்ற கணக்கையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாதி நேரம் பார்க்கவேண்டிய தேவையே வராது.

மாத்திரை சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை சொல்லப்போவதில்லை. முதலில் பகலெல்லாம் தூக்கம். உடம்பு பெருத்தது, கை நடுங்கியது. ரேடியோவைத் திறந்து திருகாணியைப் பிடிக்க முடியாமல் வைத்துவிடுவார். டாக்டரம்மா மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒருவழியாக நிலைக்கு வந்தது. நீ நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, "எத்தனை நாளைக்கு மாத்திரை முழுங்குவே, இப்பத்தான் நல்லா இருக்கியே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார். மறுபடியும் மோட்டார் ரூம். மறுபடியும் பெரியாஸ்பத்திரி. அது உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் ஞாபகம் இருக்கும். அதை நீ என்னிடம் சொன்னதில்லை. ஆனால் சித்தப்பா உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று மட்டும் ஒருநாள் சொன்னாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. தூக்குப் போசியை என்னிடம் கொடுத்துவிட்டு, சாமந்திக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அந்தச் சாமந்தித் தோட்டம்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. பூப்பறிக்கும் நேரம், மருந்தடிக்கும் நேரம் என்று நாளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. பூவோடு பேசுபவர்களை ஊர் பைத்தியம் என்று சொல்வதில்லை. நல்ல விவசாயி என்று சொல்லிவிடுகிறது.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். பாலக்கோட்டுப் பக்கத்துச் சம்பந்தம் உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணின் போட்டோவை நீ போனில் வைத்திருந்ததை உன் அப்பா பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். அவர்கள் நம் வீடு பார்க்க வருவதாக நாள் குறித்ததும் உன் பெரியத்தை கிளம்பி வந்தாள்.

"அன்னிக்கு ஒரு நாளு மாதுவ எங்க வூட்டுக்கு அனுப்பி வெய்யி. வரவங்க பாத்தா என்னா நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவாத் தெரிஞ்சா தெரியுது."

உன் அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் உனக்குப் போன் போட்டேன். நீ முழுக்கக் கேட்டாய். பிறகு, "பெரியத்தை சொல்றதும் சரிதானேம்மா. ஒரு நாளுதான?" என்றாய்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் போனை வைத்துவிட்டு, ஒரு நாள்தானே என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் சித்தப்பா வாசலில் நின்றார். குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் துணிப்பை. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நான் அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேனுங்க அண்ணி. ஒரு நாளுதான."

நீ சொன்ன அதே வார்த்தை. உன் வாயிலிருந்து வந்தபோது சரியென்று பட்டது, அவர் வாயிலிருந்து வந்தபோது தாங்கவில்லை. பையை வாங்கி உள்ளே மாட்டிவிட்டேன். "நீ எங்கயும் போவ வேணாம் தம்பி. நாளைக்கு வரவங்களுக்கு நாற்காலி போட ஆள் வேணும்" என்றேன்.

வந்தார்கள். நல்ல மனிதர்கள். சித்தப்பா நாற்காலி போட்டார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெண்ணின் அம்மா, "இவரு யாருங்க?" என்று கேட்டார். நான், "என் கொழுந்தனாருங்க. இருபது வருசத்துக்கு மேலயா மனசுக்கு மாத்திரை சாப்பிடறாருங்க. இப்ப நல்லா இருக்காரு. எங்க கூடத்தான் இருப்பாரு" என்றேன். காப்பி டம்ளர்களை எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே வைத்தார்கள். பெண்ணின் மாமா, "வூட்ல வேற யாருக்காச்சும் இப்படி…?" என்று இழுத்தார். கேட்கவேண்டிய கேள்விதான் அது. "எங்களுக்குத் தெரிஞ்சு இல்லீங்க. இனிமே யாருக்கும் வராதுன்னு சொல்ல என்னால ஆவாதுங்க" என்றேன். உன் பெரியத்தை என் முதுகுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. கொஞ்ச நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் பயந்தார்கள். அவர்களுக்கு அது நிஜம்.

நீ போன் செய்து, "உனக்கு நான் முக்கியமா, சித்தப்பா முக்கியமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. வலிக்கிறவன் கேட்கிற கேள்விக்கு வார்த்தையில் பதில் கிடையாது. அதன் பிறகு நீ அப்பாவுக்கு மட்டும்தான் போன் செய்தாய். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவார். நீ நன்றாக இருக்கிறாய் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தேன். பிள்ளை தன்னோடு பேசாத வீட்டில் ஒரு தாய் எப்படி இருப்பாள் என்று நான் எழுதத் தேவையில்லை. செய்தது தப்பு என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. ஆனால் சரியானதைச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு அப்படியொன்றும் பெரிய ஆறுதல் தருவதில்லை, பிரபு. அதையும் தெரிந்துவைத்துக்கொள்.

அப்புறம் ஒரு காலையில் சித்தப்பாவைக் காணவில்லை. பூப்பறித்துக் கூடையில் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. மாடு தீவனம் தின்றுகொண்டிருந்தது. மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. நான் நேராகக் கிணற்றுக்கு ஓடினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கரையில் குனிந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான், பைபாஸ் பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அவரா, பஸ்ஸுக்கா என்று நம்ப முடியாவிட்டாலும், முட்டி வலியையும் பார்க்காமல் உன் அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடினார். சித்தப்பா மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மாத்திரையை எடுத்துக்கொண்டு போகிறவர் உயிரோடு இருக்க நினைக்கிறவர்.

மத்தியானத்துக்கு மேல் உன் போன் வந்தது. என் நம்பருக்கு. அத்தனை நாளுக்கப்புறம்.

"அம்மா, சித்தப்பா இங்க வந்திருக்காரு. பயப்படாத. சாப்பிட்டுட்டோம்."

அவ்வளவுதான் சொன்னாய். உன் குரல் சரியாக இல்லை. மறுநாள் நீயும் அவரும் ஒன்றாக வந்து இறங்கினீர்கள். பையை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, "என்ன கொழம்பு?" என்று கேட்டாய். உங்கள் இருவருக்கும் அங்கே என்ன பேச்சு நடந்தது என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அது உங்களுடையது. ஆனால் அவர் எப்படி வந்தார் என்பது உனக்குத் தெரியாது. நீ திரும்பிப் போன பிறகு, பூக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். ஓசூருக்குக் கிருஷ்ணகிரியில் இறங்கி அடுத்த பஸ் மாற வேண்டும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டிருக்கிறார். மூன்றாவதில் ஏறிவிட்டார். பிடித்துக்கொள்ள அந்தத் தடவை உன் கால் இல்லை.

"காதுல பேச்சு இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பேச்சுங்க அண்ணி. எறங்குடான்னுச்சு. எல்லாரும் உன்னையே பாக்கறாங்கன்னுச்சு. பேசிட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன். இப்பல்லாம் நான் பதில் சொல்றதில்ல."

"பயமா இல்லையா?"

"பயந்தான். பயந்துகிட்டேதான் உக்காந்திருந்தேன். பஸ்ஸு பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு."

நான் பூக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். அவருக்கு மட்டும்தான் காதில் குரல் கேட்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் எல்லாரும் பயப்படுகிறோமே, அந்த நாலு பேரை யாராவது பார்த்திருக்கிறோமா? உன் பெரியத்தைக்கு அந்தக் குரல் கேட்டது. அன்று போனில் உனக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது, அவர் பையோடு வந்து நிற்கும்வரை அதற்குத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஊர் என்று ஒன்று வெளியே இருக்கிறது. கல்யாணத்துக்கு மொய் வைக்கும், சாவுக்கு வந்து தோள் கொடுக்கும். அந்த ஊர் வேண்டும், பிரபு. அது இல்லாமல் வாழ முடியாது. எனக்கு வழிகாட்டிய நர்சம்மாவும் ஊர்தான், அன்று தகவல் சொன்ன டீக்கடைக்காரரும் ஊர்தான். ஆனால் நம் மண்டைக்குள் ஒரு ஊர் இருக்கிறது பார், எந்நேரமும் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டு! அது வேறு. அதை வாயடைக்க யாராலும் முடியாது. அது பேசும்போது பதில் சொல்லாமல், பயந்துகொண்டே ஆனாலும், இறங்கவேண்டிய இடம் வரும்வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம். அவரால் அது முடிந்திருக்கிறது. மாத்திரையோடு முடிந்தது என்பதால் அது சின்ன விஷயமாகிவிடாது.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி சம்பந்தம் வந்தபோது, நந்தினியோடு பேசிய முதல் பேச்சிலேயே சித்தப்பாவைப் பற்றி நீயே சொல்லியிருக்கிறாய். அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. அவள் அப்பா வீடு பார்க்க வந்த அன்று அவர் வாயால்தான் தெரிந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "இவரு என் கொழுந்தனாருங்க, மனசுக்கு…" அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பையனே சொல்லிட்டாருங்கம்மா. அதனாலதான் வந்தோம்" என்றார். எனக்கு உடனே அடுப்படிக்குள் போகவேண்டியிருந்தது. காப்பியில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் போட்டேன்.

அந்த மனிதர் பிறகு சித்தப்பாவோடு சாமந்திக்குள் நடந்துவிட்டு வந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று அவரையே நேராகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் வந்தவர் போனவர் எல்லாரும் அந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா யோசித்துவிட்டு, "இன்னிக்கு நல்லா இருக்கேனுங்க. நாளைக்குத் தெரியாதுங்க" என்றார். அவர் சிரித்து, "எனக்கும் அதேதானுங்க, எனக்குச் சுகரு" என்றார். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. நிச்சயதார்த்தம் எல்லாம் சடங்குதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் வயதாகிறது. "எங்களுக்கப்புறம் சித்தப்பாவ நான் பாத்துக்கறேன்னு சத்தியம் பண்ணு" என்று மணமேடையில் உன்னிடம் கேட்கச் சொல்லி உன் பெரியத்தை சொல்லிக்கொடுத்தாள். அவளும் இப்போது மாறித்தான் இருக்கிறாள், பாவம். ஆனால் நான் கேட்கமாட்டேன். சத்தியத்துக்காக ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவன் கொஞ்ச நாளில் அவர் சாப்பிடும் சோற்றைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். நீ உன் வாழ்க்கையை வாழ். அவர் இப்போதெல்லாம் மாதாமாதம் தனியாகவே பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கிவருகிறார். பூ வியாபாரியோடு வாயாடுகிறார். அவர் ஒரு சுமை இல்லை, ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தனியாகப் போன் செய். எங்கள் வழியாக விசாரிக்காதே. மாத்திரையின் பேர் தெரிந்துவைத்துக்கொள். மறுபடியும் அவருக்கு மோட்டார் ரூம் நாட்கள் வந்தாலும் வரும். வந்தால் பதறாமல் கூட்டிக்கொண்டு போ. உன் பிள்ளைகள் அவர் மடியில் உட்காரட்டும். இதற்குமேல் எப்படிச் செய்வது என்று சமயம் வரும்போது உனக்கே தெரியும். நந்தினியிடம் உன்னை யார் சொல்லச் சொன்னார்கள்?

நான் சந்தோஷமாக இருக்கிறேன், பிரபு. இதை வெளிப்படையாகச் சொல்லும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. சொன்னால் கண்படும் என்பார்கள். படட்டும். காலையில் எழுந்தால் உன் அப்பா டீ போட்டு வைத்திருக்கிறார், லாரிக்காரர் டீ, கழுத்தை நெரிக்கும் அளவுக்குக் கெட்டி. மாடு கன்று போட்டிருக்கிறது. கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிறது. உன் வாழ்க்கையில் எதை மாற்றிக்கொள்வாய் என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்கக் கொஞ்சம் நேரம் கேட்பேன், அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நந்தினி போன் செய்தாள். "அத்தை, மண்டபத்துல ஸ்பீக்கர் வேணாம்னு சொல்லிடட்டுங்களா? சத்தம் அதிகமானா சித்தப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு அவரு சொன்னாரு" என்றாள். சித்தப்பா பக்கத்தில்தான் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"கல்யாணத்துல பாட்டு இல்லாம எப்படிங்க அண்ணி? நல்லாப் போடச் சொல்லுங்க. தாங்கலைன்னா நான் கொஞ்ச நேரம் வெளிய போயி நின்னுக்கறேன்."

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்ப சித்தப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க அத்தை. எனக்கும் ரொம்ப நேரம் சத்தம் தாங்காது. அவரு வெளிய போறப்ப என்னையும் ஒரு சாடை காட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். "மாலையோடவா வந்து நிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

உன்
அம்மா